அடுப்பு எத்தனை? தென்சென்னை விடுதிப் பள்ளிகளின் பந்தி வரலாறு

காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் பிள்ளைகளை மட்டும் வைத்து நடக்கும் பள்ளிக்கூடத்தில் சாதி பெரும்பாலும் பெஞ்சு வரிசையிலும் குடிதண்ணீர்ப் பானையிலும்தான் தலைகாட்டும். மணி அடித்ததும் பிள்ளை வீட்டுக்குப் போய்த் தன் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுவிடும். அதே பள்ளி, பிள்ளைகளை இரவும் தங்க வைப்பது என்று முடிவெடுத்த அன்றைக்கே வேறு கேள்விகள் வந்து நிற்கும். யார் சமைப்பது? யார் பரிமாறுவது? யாருக்குப் பக்கத்தில் யார் உட்காருவது? மொத்தம் எத்தனை அடுப்பு?

சென்னைப் பள்ளிகளின் நூற்றாண்டு மலர்களைப் புரட்டினால் நிறுவனரின் படம் இருக்கும். கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய ஆளுநரின் பெயரும், தேர்ச்சி விழுக்காடும், ஐ.ஏ.எஸ். ஆன பழைய மாணவர்களின் வரிசையும் இருக்கும். மெஸ்ஸைப் பற்றி மட்டும் பெரும்பாலும் நகைச்சுவைத் துணுக்கு ஒன்றோ இரண்டோதான். சாம்பார் தண்ணீராக இருந்தது, இட்லி கல்லாக இருந்தது என்ற அளவில். தமிழ்நாட்டின் இருபதாம் நூற்றாண்டு அரசியலில் பாதி இந்த மெஸ்களில்தான் பொங்கி வழிந்தது என்பதை நினைத்தால் அந்த மௌனம் கொஞ்சம் விசித்திரமாகவே படுகிறது.

இந்தக் கட்டுரை தாம்பரம், சேலையூர், அடையாறு, திருவான்மியூர் என்று நகரத்தின் தெற்கே பரவிய உண்டு உறைவிடக் கல்வியைப் பற்றியது. ஆனால் கதை தொடங்குவது வடக்கே, எழும்பூரில்.

ஸ்காட்லாந்துத் திருச்சபையின் ஜான் ஆண்டர்சன் 1837 ஏப்ரல் 3 அன்று 59 மாணவர்களோடு ஒரு பள்ளியை ஏற்று நடத்தத் தொடங்கினார். பின்னாளில் தாம்பரத்தில் காடு வாங்கிக் குடியேறிய சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வேர் அதுதான். தொடக்கத்தில் அது முழுக்க முழுக்க வந்துபோகும் பள்ளி. ஆங்கிலம் படிக்கும் ஆசையில் சாதி இந்துக் குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பின. பாதிரியார் பைபிள் சொல்லித் தருவார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். மறுநாளே ஒரு முழுக்குப் போட்டால் தீர்ந்துவிடும் தீட்டு என்றுதான் அதை எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அடுத்த ஆண்டே, தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்கள் சிலர் அதே வகுப்பில் இருப்பது தெரியவந்ததும் பெரும்பாலோர் வெளியேறினார்கள். அந்தச் சிறுவர்களை அனுப்பிவிடுங்கள் என்ற கோரிக்கைக்கு ஆண்டர்சன் இணங்கவில்லை. போனவர்களில் பலர் பிறகு திரும்பி வந்தார்கள். பெஞ்சுச் சண்டை அந்த அளவில் ஓய்ந்தது.

1841 வேறு மாதிரி. அந்த ஆண்டில் ராஜகோபால், வெங்கடராமையா, எதிராஜுலு என்ற மூன்று மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். பள்ளி காலியானது. அந்த மூவருக்கும் இனி வீடு கிடையாது. அவர்கள் பாதிரிமார் இல்லத்திலேயே தங்க வேண்டியதாயிற்று. அங்கே தங்கினால் அங்கேதான் சாப்பிட வேண்டும். அந்த மேசையில் உட்கார்ந்து ஒரு கவளம் உண்டபிறகு, ஞானஸ்நானத்தை யாராவது திரும்பப் பெற முடிந்தாலும்கூடச் சாதிக்குள் திரும்பிப் போக முடியாது. ஊர்க்காரர்கள் பெரிதாகக் கண்டது தலையில் தெளித்த தண்ணீரையா, வாய்க்குள் போன சோற்றையா என்று கேட்டால், சோற்றைத்தான் என்பேன். இப்படியாக அந்த நிறுவனத்தின் முதல் ‘விடுதி மாணவர்’கள் கட்டணம் கட்டிச் சேர்ந்தவர்களாக இல்லாமல், வீடு பறிபோனவர்களாக இருந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு தலைமுறைக்கு, பாதிரிப் பள்ளியில் பிள்ளை ‘தங்கிவிட்டான்’ என்றால் தாய்மார்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள் என்றால் காரணம் இதுதான்.

1862இல் வந்த வில்லியம் மில்லர் இந்த அச்சத்தின் கனத்தைப் புரிந்துகொண்டவர். 1877இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என்று பெயர் பெற்ற நிறுவனத்தை அவர் வளர்த்தார். 1880களில் மாணவர் விடுதிகளையும் தொடங்கினார். வெளியூர்ப் பிள்ளைகள் சந்து பொந்துகளில் அறை எடுத்துத் தங்கிச் சீரழிவதைத் தடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் விடுதி நிரம்ப வேண்டுமென்றால் 1841ஐ ஊர் மறக்க வேண்டும். இந்த விடுதியில் தங்கினால் சாதி போகாது என்று பெற்றோருக்கு உறுதி தர வேண்டும். சென்னையில் அன்றைக்குப் பல விடுதிகளும் கைக்கொண்ட வழி ஒன்றே: பிராமணருக்குத் தனி அடுப்பு, மற்ற இந்துக்களுக்குத் தனி அடுப்பு, கிறிஸ்தவருக்குத் தனி அடுப்பு. ஒரே பாடத்தை ஒரே ஆசிரியரிடம் கேட்டுவிட்டு மூன்று சமையற்கட்டுக்குப் பிரிந்து போவார்கள். இது சமரசமா, தோல்வியா என்று இன்றைக்கு உட்கார்ந்து தீர்ப்பெழுதுவது எளிது. அந்த அடுப்புப் பிரிவினை இல்லாமல் ஒரு தலைமுறைக் கிராமத்துப் பையன்கள் பட்டணத்தில் படித்திருக்கவே மாட்டார்கள் என்பதும் உண்மை. அந்த மூன்று அடுப்பிலும் இடமில்லாத நாலாவது பையனைப் பற்றிப் பெரும்பாலோர் யோசிக்கவில்லை என்பதும் உண்மை.

யோசித்தவர்களில் ஒருவர் ஆல்காட். பிரம்மஞான சபை 1882 கடைசியில் அடையாற்றங்கரைக்கு வந்தது. அதன் தலைவர் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் 1894இல் ஊரூர் அருகே பஞ்சமர் பிள்ளைகளுக்கென்று ஓர் இலவசப் பள்ளி திறந்தார். அடையாறு அப்போது பட்டணம் அல்ல. தோப்பும் மணலும் மீனவர் குப்பமும்தான். இன்று பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவுப் பள்ளியாக நிற்பது அதுவே. இன்னொருவர் பரங்கிமலையில் 1883இல் பிறந்த எம்.சி. ராஜா. அவர் பிறகு கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்று, ஆசிரியராகி, சட்டமன்றத்துக்கும் போனார். ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்கு விடுதி வேண்டும் என்ற குரல் இருபதாம் நூற்றாண்டில் அரசின் காதுக்கு எட்டியதில் அவரைப் போன்றவர்களின் பங்கு பெரிது. சைதாப்பேட்டையில் அவர் பெயரிலேயே ஆதிதிராவிட மாணவர் விடுதி இருக்கிறது. நாலாவது பையனுக்கு அடுப்பு கிடைத்தது; தனி அடுப்பாகக் கிடைத்தது.

அரசியலுக்கு வருவோம். திருவல்லிக்கேணியில் டாக்டர் சி. நடேச முதலியார் 1916இல் ‘திராவிடர் இல்லம்’ என்ற மாணவர் விடுதியைத் தொடங்கினார். வெளியூரிலிருந்து வரும் பிராமணரல்லாத மாணவர்கள் சென்னையில் தங்கவும் சாப்பிடவும் இடமின்றி அலைந்ததுதான் அதற்குக் காரணம். ஹோட்டல்கள் பெரும்பாலும் பிராமணர் கையில். உள்ளே தனிப் பந்தி, வெளியே எடுப்புச் சாப்பாடு. பின்னாளில் நாட்டின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் அந்த இல்லத்தில் தங்கிப் படித்தவர். அதே 1916 நவம்பரில்தான் நீதிக்கட்சி பிறந்தது. கட்சியின் வரலாற்றை எழுதுபவர்கள் அறிக்கையிலிருந்தும் மாநாட்டிலிருந்தும் தொடங்குவார்கள். நடேச முதலியாரின் சமையற்காரரிடமிருந்து தொடங்கினாலும் தவறில்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து வெடித்ததுதான் சேரன்மாதேவிச் சர்ச்சை. வ.வே.சு. ஐயர் 1922இல் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிப் பிறகு சேரன்மாதேவிக்கு மாற்றிய தமிழ்க் குருகுலம், பழைய மரபில் மாணவர் தங்கிப் படிக்கும் பள்ளி. வெள்ளைக்காரன் கல்விக்கு மாற்றாகத் தேசியக் கல்வி தருவது நோக்கம். உடல் உழைப்பு, தமிழ் இலக்கியம், கைத்தொழில் எல்லாம் உண்டு. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தர இசைந்து ஐயாயிரத்தைக் கொடுத்தது. பிராமணரல்லாதார் கொடுத்த நன்கொடையும் நிறைய. அங்கே பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே சாப்பாடு போடப்பட்டது. பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் பிரதமரான ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்தபோது வீட்டில் போய்ச் சொன்னதிலிருந்துதான் செய்தி வெடித்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. தனிப் பந்தி, தனித் தண்ணீர்ப் பானை.

ஐயரின் தரப்பில் சொல்லப்பட்ட விளக்கம் கவனிக்கத்தக்கது. அந்த இருவரையும் சேர்க்கும்போதே பெற்றோர் போட்ட நிபந்தனை அது. கொடுத்த வாக்கை மீற முடியாது. இனிமேல் சேருபவர்களுக்கு அந்த நிபந்தனை கிடையாது. துப்பாக்கிப் பயிற்சி பெற்ற புரட்சியாளர், கம்பராமாயணத்தை உலகக் காவியங்களோடு ஒப்பிட்டு எழுதிய அறிஞர், இரண்டு பிள்ளைகளின் இலைக்கு முன்னால் கட்டுண்டு நின்றார். வார்டனாக ஒரு நாள் இருந்து பார்த்தவர்களுக்கு அவருடைய சங்கடம் புரியும்: விடுதி நடத்துகிறவன் பிள்ளைகளை மட்டும் ஏற்றுக்கொள்வதில்லை, அவர்கள் வீட்டுப் பாட்டிமாரையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறான். ஆனால் பொதுப்பணத்தில் நடக்கும் விடுதிக்கு அந்தப் பாட்டிமார் சட்டம் எழுத முடியாது என்பதுதான் அப்போது காங்கிரஸில் இருந்த பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எழுப்பிய வாதம். காங்கிரஸ் கமிட்டியின் செயலாளராக இருந்த பெரியார், மீதி ஐயாயிரத்தைத் தர மறுத்தார். காந்தியிடம் பஞ்சாயத்து போயிற்று. 1925இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு ஜூனில் பாபநாசம் அருவியில் உயிரிழந்தார். ஆண்டு முடிவதற்குள் காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். வெளியேறியதற்கு நேர்க் காரணம் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம்தான். ஆனால் அந்த மனக்கசப்பு புளித்தது குருகுலத்துப் பந்தியில்.

இதற்கிடையே பெண்கள். ஆண்பிள்ளைகளின் விடுதிகளைப் பற்றித் தலையங்கங்கள் எரிந்துகொண்டிருந்தபோது, பெண்களுக்கு விடுதி என்ற ஒன்று இருக்கலாம் என்பதே பலருக்குத் தோன்றியிருக்கவில்லை. இங்கே 1886இல் பிறந்த இரண்டு பெண்களின் கதையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒருவர் மயிலாப்பூரில் பிறந்த ஆர்.எஸ். சுப்பலட்சுமி, குழந்தை மணம் முடித்து, பதினோரு வயதில் விதவையானவர், 1911இல் பி.ஏ. பட்டம் பெற்றவர். மற்றவர் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி. தேவதாசி மரபில் வந்த சந்திரம்மாளுக்கும் கல்லூரி முதல்வர் நாராயணசாமி ஐயருக்கும் மகள். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றவர்.

சுப்பலட்சுமி தம் வீட்டில் நான்கு பிராமண விதவைச் சிறுமிகளோடு தொடங்கியது, அரசு ஆதரவோடு வளர்ந்து கடற்கரை ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பிராமண விதவைகளுக்கு மட்டுமே இடம். அவர் குறுகிய மனம் படைத்தவர் என்பதால் அல்ல. ஒரு பதின்மூன்று வயது விதவையை அவள் தகப்பன் வீட்டு இருட்டறையிலிருந்து வெளியே அழைத்துவர வேண்டுமானால், அந்தத் தகப்பனுக்குச் சொல்லக்கூடிய ஒரே உறுதிமொழி, உங்கள் வீட்டு ஆசாரம் இங்கேயும் குறைவில்லாமல் நடக்கும் என்பதுதான். பழமையின் சமையற்கட்டை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துதான் அவர் அந்தப் பெண்களை ஆசிரியைகள் ஆக்கினார். மில்லர் கண்ட வழிதான். பிற்காலத்தில் அவர் வேலை வெளியே விரிந்தது: 1954இல் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான நல மையம் அமைய உதவினார். அந்தக் கிராமத்தில் அவர் யாருடைய சாதியையும் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

முத்துலட்சுமி ரெட்டியின் அனுபவம் நேரெதிர்த் திசையில் வந்தது. 1926இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, துணைத் தலைவராகவும் ஆன அவர், கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்துக்கு எதிராகப் போராடினார். 1930இல் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவி விலகினார். அந்த ஆண்டில் ஒரு நாள், தேவதாசிக் குடும்பத்துச் சிறுமிகள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். பொட்டுக்கட்ட மாட்டோம், படிக்க வேண்டும் என்றார்கள். டாக்டர் அம்மா அவர்களைச் சேர்க்க விடுதி தேடினார். நகரத்தில் பிராமணப் பெண்களுக்கு விடுதி இருந்தது, பிராமணரல்லாத பெண்களுக்கு விடுதி இருந்தது. இரண்டும் கதவை மூடின.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பிராமணர் விடுதி மறுத்தது எதிர்பார்க்கக்கூடியதுதான். பிராமணரல்லாதார் விடுதியும் மறுத்தது. நடேச முதலியாரின் இல்லம் எழுந்த காரணத்தை வைத்துப் பார்த்தால், ஒதுக்கப்பட்டவர்கள் கட்டிய அடுப்பு இன்னும் கீழே தள்ளப்பட்டவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அந்தச் சிறுமிகளின் தீட்டு சாதி மட்டும் அல்ல. அவர்கள் தாய்மாரின் தொழில். சட்டமன்றத்தில் பொட்டுக்கட்டு ஒழிப்பை ஆதரித்துக் கைதட்டிய கனவான்கள், அப்படி ஒழித்தபின் அந்தப் பிள்ளைகள் எந்தப் பந்தியில் உட்காருவார்கள் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. முத்துலட்சுமி தம் பொறுப்பில் அவர்களுக்கு இடம் தந்தார். அதுவே ஔவை இல்லம். பிறகு அது அடையாற்றில் பெசன்ட் அவென்யூவுக்கு வந்து, ஆதரவற்ற பெண்குழந்தைகளின் இல்லமாகவும், தங்கிப் படிப்பவர்களும் அக்கம்பக்கத்திலிருந்து வந்து படிப்பவர்களும் சேர்ந்து பயிலும் பள்ளியாகவும் வளர்ந்தது. சாதி கேட்டுச் சேர்ப்பதில்லை என்பது அதன் தொடக்க நாள் முதலான வழக்கம். பொட்டுக்கட்டுத் தடைச்சட்டம் முழுமையாக வர 1947 ஆயிற்று. சட்டத்துக்குப் பதினேழு ஆண்டு முன்னாலேயே அடுப்பு மூட்டப்பட்டுவிட்டது.

அதே பெசன்ட் அவென்யூவில், பிரம்மஞான சபைத் தோட்டத்துக்குள், இன்னொரு உறைவிடப் பள்ளி உருவாகிக்கொண்டிருந்தது. அன்னி பெசன்ட் 1933 செப்டம்பரில் காலமானார். அடுத்த ஆண்டு அவர் நினைவாக ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள், கே. சங்கர மேனன் அதை நடத்தினார். இன்று பெசன்ட் அருண்டேல் பள்ளி, பெசன்ட் பிரம்மஞான உயர்நிலைப் பள்ளி என்று திருவான்மியூரில் கலாக்ஷேத்ரா வளாகத்தில் இருப்பவை அந்த வழியில் வந்தவை. 1939இல் இத்தாலியரான மரியா மாண்டிசோரி நெதர்லாந்திலிருந்து அடையாறு வந்து ஆசிரியைகளுக்குப் பயிற்சி தந்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் குதித்ததால் அவர் எதிரி நாட்டவர் ஆகிப்போனார்; மகன் மரியோவைக் காவலில் வைத்தார்கள். போர் முடியும்வரை அம்மையார் இந்தியாவை விட்டுப் போக முடியவில்லை. அந்தக் கட்டாயத் தங்கலின் பலன் நம் ஊர் எல்.கே.ஜி. வகுப்புகளில் இன்றும் மரக்கட்டைகளாகவும் மணிச்சரங்களாகவும் கிடக்கிறது.

பெசன்ட் நினைவாக எழுந்த அந்தப் பள்ளியின் பந்தி சென்னைக்குப் புதிது. பார்ப்பனர், பார்ப்பனரல்லாதார், வெள்ளைக்காரர், பார்சி என்று எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே சமையலைச் சாப்பிட்டார்கள். மில்லர் துணியாததை, ஐயர் தவறவிட்டதை அருண்டேல் தம்பதி ஓசையில்லாமல் செய்துவிட்டார்கள். ஆனால் அந்த ஒரே அடுப்பு சைவ அடுப்பு. ஜீவகாருண்யம் ருக்மிணி தேவிக்கு வெறும் உணவுப் பழக்கம் அல்ல. மாநிலங்களவையில் பிராணிவதைத் தடுப்புக்கு மசோதா கொண்டுவந்து 1960இல் சட்டமாகக் காரணமானவர். அவருடைய நேர்மையில் ஐயமில்லை. இருந்தாலும் கணக்கு ஒன்று இருக்கிறது. பொதுப் பந்தியில் உட்கார, பிராமணப் பையன் விட்டுக்கொடுத்தது பக்கத்து இலைக்காரரைப் பற்றிய கூச்சத்தை. ஊரூர்க் குப்பத்துப் பையன் வந்து உட்கார்ந்தால் அவன் விட்டுக்கொடுக்க வேண்டியது அவன் அம்மா வைக்கும் மீன் குழம்பை. இரண்டும் ஒரே எடை அல்ல.

இதைவிடக் கூர்மையான ஒரு முரண் அந்தச் சாலையில் இருந்தது. ருக்மிணி தேவி 1933இல் பந்தநல்லூர்ச் சகோதரிகளின் சதிர் ஆட்டத்தைப் பார்த்து மனம் பறிகொடுத்தார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்றார். 1935 டிசம்பரில் பிரம்மஞான சபை மாநாட்டில் மேடையேறினார். 1936 ஜனவரியில் கலாக்ஷேத்ராவாக வளர்ந்த கலைக்கூடத்தைத் தொடங்கினார். அதாவது, ஒரு விடுதி தேவதாசிக் குடும்பத்துப் பெண்களை ஆட்டத்திலிருந்து வெளியே கொண்டுவந்து நர்ஸாகவும் ஆசிரியையாகவும் ஆக்க முயன்றது. நடந்து போகும் தூரத்தில் இருந்த இன்னொரு விடுதி, அந்த ஆட்டத்தை அந்தக் குடும்பங்களிலிருந்து எடுத்துவந்து வேறு வீட்டுப் பெண்களுக்குக் கற்றுத் தந்தது. கபாலீசுவரர் கோயிலில் ஆடிய கௌரி அம்மாள் கலாக்ஷேத்ராவில் அபிநயம் சொல்லித் தந்தார். அவர் மரபில் பிறந்த ஒரு சிறுமி அன்றைக்குப் பெசன்ட் அவென்யூவுக்கு வந்திருந்தால், அவளைக் காப்பாற்ற நினைப்பவர்கள் ஒரு வாசலையும், அவள் பாட்டியின் கலையைக் காப்பாற்ற நினைப்பவர்கள் வேறொரு வாசலையும் காட்டியிருப்பார்கள். இரண்டு வாசலிலும் நல்லவர்கள்தான் நின்றார்கள். இதில் யார் சரி என்று கேட்கும் நாட்டிய வரலாற்று ஆய்வுகள் நிறைய வந்துவிட்டன. எனக்குப் படுவது, இரண்டு தரப்புமே பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்து வளர்த்தால்தான் காரியம் நடக்கும் என்று நம்பினார்கள் என்பதே. விடுதி அந்த நம்பிக்கையின் கட்டட வடிவம்.

கலாக்ஷேத்ராவும் இடம் மாறியது. 1945இல் அருண்டேல் இறந்தபின் சபைக்குள் சூழல் மாறவே, நிறுவனம் தெற்கே திருவான்மியூர் மணற்காட்டை நோக்கி மெல்ல நகர்ந்து, 1962 வாக்கில் அந்தக் குடிபெயர்வு முடிந்தது. ருக்மிணி தேவி 1986இல் மறைந்தார். 1993இல் நாடாளுமன்றச் சட்டம் அதை மத்திய அரசின் கீழ்க் கொண்டுவந்தது.

இனி தாம்பரம். நகரத்துக்குள் நெரிசலில் திணறிய கிறிஸ்தவக் கல்லூரி, வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் முன்னின்று தேர்ந்த சேலையூர்க் காட்டுக்கு 1937இல் மாறியது. 360 ஏக்கருக்கு மேல் முட்புதரும் ஓடையும். ஜனவரி 30 அன்று ஆளுநர் எர்ஸ்கின் பிரபு திறந்துவைத்தார். ஸ்விட்சர்லாந்துக்காரரான ஹென்றி ஷெட்டி கட்டடங்களை வடிவமைத்தார். பள்ளிப் பிரிவு கல்லூரியோடு காட்டுக்கு வரவில்லை. நகரத்திலேயே தங்கி, பிறகு சேத்துப்பட்டுக்குப் போனது. 1837இன் மரத்தில் ஒரு கிளை இப்படி, ஒரு கிளை அப்படி.

காட்டில் மூன்று விடுதிகள்: செயின்ட் தாமஸ் ஹால், சேலையூர் ஹால், பிஷப் ஹீபர் ஹால். சாதிவாரியாக விடுதி பிரிக்கும் பழைய ஏற்பாட்டை நகரத்திலேயே விட்டுவிட்டு வந்தார்கள். எந்த மதத்துப் பையனும் எந்த ஹாலிலும் சேரலாம். ஒவ்வொரு ஹாலுக்கும் ஒரு சாப்பாட்டுக்கூடம். தூரம் கைகொடுத்தது என்று நினைக்கிறேன். கல்லூரி நகரத்துக்குள் ஜார்ஜ் டவுனில் இருந்தவரை பையனின் சித்தப்பா எந்த நேரமும் மெஸ்ஸுக்குள் எட்டிப் பார்க்கலாம். சேலையூர்க் காட்டுக்குள் சாயங்காலத்துக்கு மேல் எந்தச் சித்தப்பா வருவார்? அங்கே அப்போது இருந்தது டாக்டர் சௌரி முத்து 1928இல் தொடங்கிய காசநோய் சானடோரியமும், ரயில் நிலையமும், சில கிராமங்களும்தான். காசநோயாளியையும் கல்லூரி மாணவனையும் ஊர் ஒரே நோக்கில் தெற்கே அனுப்பிக்கொண்டிருந்தது: சுத்தமான காற்று, உறவினர் தொந்தரவு இல்லாத தனிமை.

அந்தத் தனிமையைக் கலைக்கும் ஏற்பாடு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்துமுடிந்திருந்தது. 1931இல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மீட்டர்கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலத்துப் பையன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, டிபன் டப்பாவோடு ரயிலேறி, முதல் பீரியடுக்கு வந்துவிடலாம். உறைவிடக் கல்லூரியாகத் திட்டமிட்ட இடத்துக்கு டே-ஸ்காலர்கள் ரயில் ரயிலாக வந்து இறங்கினார்கள். நாள்தோறும் வந்துபோகிறவரையும் ஏதேனும் ஒரு ஹாலின் உறுப்பினராக இணைத்துக்கொள்ளும் வழக்கத்தைக் கல்லூரி ஏற்படுத்தியது, இந்த ரயிலோடு செய்துகொண்ட உடன்பாடு மாதிரி.

ரயிலுக்குப் பிறகு வீடுகள் வந்தன. குரோம்பேட்டை, பல்லாவரம், கிழக்குத் தாம்பரம் என்று மனைகள் நிரம்ப, தென்புறத்துத் தனியார் பள்ளிகளில் விடுதி மெல்லச் சுருங்கி, மஞ்சள் பேருந்து பெருகியது. ஜி.எஸ்.டி. சாலையில் காலை ஏழரைக்கு நின்று பார்த்தால் போதும். இன்று இந்தப் பக்கத்தில் பிள்ளையை ஹாஸ்டலில் விடுகிற பெற்றோர் இரு வகை. ஒன்று, நீட்டுக்கும் ஜே.இ.இ.க்கும் பிள்ளையைத் தயார்செய்ய நினைக்கும் வசதிக்காரர். இவர்கள் விசாரிக்கும்போது ‘சைவ மெஸ்தானே?’ என்ற கேள்வியைத் தயங்காமல் கேட்பார்கள், பள்ளியும் அதை விளம்பரத்திலேயே அச்சிட்டு வைத்திருக்கும். சாதியைக் கேட்க நாகரிகம் இடம் தராத இடத்தில் மெனுவைக் கேட்கலாம். மற்றது, வீட்டில் சோறு நிச்சயமில்லாதவர். இவர்களுக்கு ஔவை இல்லம் போன்ற இல்லங்களும் அரசு விடுதிகளும்.

ஒரே பந்தியில் உட்காரும் கேள்வியை விடுதியிலிருந்து வெளியே எடுத்துப்போய் ஒவ்வொரு ஊரின் பள்ளிக்கூடத்திலும் வைத்தது மதிய உணவுத் திட்டம். காமராஜர் 1956இல் விரிவாக்கினார், எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக்கினார். டே-ஸ்காலர் பள்ளிகளிலும் அடுப்பு மூட்டப்பட்டது. அதோடு பழைய சேரன்மாதேவியும் கூடவே வந்தது, இம்முறை இலைப் பக்கத்தில் இருந்து அல்ல, கரண்டிப் பக்கத்தில் இருந்து. 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில், சமையலுக்கு வந்த தலித் பெண் சமைக்கக் கூடாது என்று பெற்றோர் சிலர் தகராறு செய்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு பதிவானது. 1925இல் தனியாகச் சாப்பிட்ட இரண்டு சிறுவர்களின் பெற்றோர் பேசிய அதே மொழிதான். பேசிய சாதி மட்டும் வேறு.

அரசு விடுதிகளோ ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை, மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை என்று துறைவாரியாகப் பிரிந்தே வளர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி வார்டன், தனி சமையலர், தனி அடுப்பு. இந்தப் பிரிவினை இல்லாமல் ஒதுக்கீட்டுப் பணம் உரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்திராது என்பது நியாயமான வாதம். 1880களில் மில்லர் சொல்லியிருக்கக்கூடிய வாதமும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. நாங்குநேரியில் 2023இல் பள்ளி மாணவன் சாதி வெறியால் வெட்டப்பட்டபின், நீதிபதி கே. சந்துரு தலைமையில் அமைந்த குழு, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிச் சொற்களை நீக்கப் பரிந்துரைத்தது. 2025இல் அரசு, தன் மாணவர் விடுதிகள் அனைத்தும் ‘சமூகநீதி விடுதி’ என்ற ஒரே பெயரில் அழைக்கப்படும் என்று அறிவித்தது. எந்த விடுதியில் யாரைச் சேர்ப்பது என்ற விதிகளிலும், எந்த விடுதி எந்தத் துறையின் கீழ் என்பதிலும் மாற்றம் இல்லை என்றும் அந்த அறிவிப்போடு சேர்த்தே சொல்லப்பட்டது.